சங்கிலியின் மறுமுனை

2024ஆம் ஆண்டு மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நகரமே கொதித்தது. சில நாட்களுக்குள் 23 நாயினங்களுக்குத் தடை விதிக்கும் ஆணை தமிழக அரசின் கால்நடைத் துறையிலிருந்து வெளிவந்தது. வந்த வேகத்திலேயே திரும்பப் பெறவும் பட்டது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் இனங்களுக்கு இனிப் புதிய உரிமம் வழங்குவதில்லை எனத் தீர்மானித்தது. மக்களின் கோபம் நியாயமானது. அக்கோபம் போய்ச் சேர்ந்த முகவரி தவறானது என்பதே நம் கட்சி.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவோம். இது நாய்ப்பிரியர்களுக்காக வாதாடும் கட்டுரை அல்ல. ஐம்பது கிலோ எடையுள்ள நாய் கடிப்பதும் பொமரேனியன் கடிப்பதும் ஒன்றல்ல என்பதை அறியாதவர்கள் அல்லர் நாம். ‘ஒன்றும் செய்யாது சார், குழந்தை மாதிரி’ என்று சொல்லிக்கொண்டே அதைத் தெருவில் அவிழ்த்துவிடும் அன்பர்களிடம் நமக்கு அனுதாபம் துளியும் இல்லை. நாம் கேட்பது வேறு. பூங்காவில் பிடிகயிறின்றி நாய் திரியக்கூடாது என்பதை உறுதி செய்ய முடியாத ஒரு நிர்வாகம், நாயின் பெயரை மட்டும் தடை செய்வதால் அடுத்த குழந்தை எப்படிக் காக்கப்படும்?

அந்த 23 இனப் பட்டியலின் மூலத்தைச் சற்றுப் பார்ப்போம். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அது. ‘தோசா இனு’ என்று ஓரிடத்திலும் ‘ஜப்பானிய தோசா’ என்று மற்றோரிடத்திலும் ஒரே நாய் அதில் இருமுறை இடம்பெற்றிருந்தது. ‘டெரியர்கள்’ என்று மொட்டையாக ஒரு சொல்லும் இருந்தது. மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சும் யார்க்ஷயர் டெரியரும் அச்சொல்லுக்குள் அடக்கம். மனித உயிரைக் காக்கும் பொருட்டு எழுதப்பட்ட ஆவணத்தின் கவனம் இவ்வளவுதான். உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது என்பதைச் சுட்டி, கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் 2024 ஏப்ரலில் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தன. ஆயினும் மறுமாதமே அதே எண்ணிக்கையுடன் பட்டியல் சென்னையில் தலைகாட்டிற்று.

இத்தகைய தடைகளின் மூத்த உதாரணம் பிரிட்டன். 1991ஆம் ஆண்டின் அபாயகர நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ ஆகிய நான்கையும் தடை செய்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து என்ன ஆயிற்று? பட்டியலில் இல்லாத எக்ஸ்.எல். புல்லி என்ற புதுவகை பெருகிவிட்டிருந்தது. அதையும் தடைசெய்ய வேண்டிய நிலைக்கு 2023இன் இறுதியில் அரசு வந்து சேர்ந்தது. அங்குள்ள கென்னல் கிளப்பே தனி இனமாக ஏற்காத நாய் அது. ஆகவே அரசு அளவுநாடாவை எடுத்தது: ஆண் நாய் 51 சென்டிமீட்டர் உயரமோ அதற்கு மேலோ இருந்து மற்ற அடையாளங்களும் பொருந்தினால் அது தடைக்குரியது. ஒரு பெயரை அடைத்தால் வியாபாரி இன்னொரு பெயரைப் பிறப்பிப்பான். முரட்டு நாய் வேண்டும் என்ற மனிதனின் ஆசையைத் தொடாத சட்டம் இப்படித்தான் அளவுநாடாவோடு நாயின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 1993இல் பிட்புல்லைத் தடைசெய்த நெதர்லாந்து, கடிகள் குறையாததைக் கண்டு 2008இல் அதைக் கைவிட முடிவு செய்தது. இத்தாலியும் தன் இனப் பட்டியலை 2009இல் விலக்கி, உரிமையாளரின் பொறுப்பின்மேல் சட்டத்தை நிறுத்திற்று.

விஞ்ஞானமும் பட்டியலுக்குத் துணைநிற்கவில்லை. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விவரம் திரட்டி, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தது. தனித்தனி நாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 விழுக்காடுதான் என்பது அதன் முடிவு. எளிதில் சீண்டலுக்கு ஆளாகும் குணத்தைப் பொறுத்தவரை இனம் அநேகமாக எதையுமே சொல்வதில்லை என்றும் அது கண்டது.

இனி நம் தெருவுக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன் இங்கே ஒரு வீட்டில் ராட்வைலர் குட்டி வந்திறங்கியது. கார் நிறுத்துமிடத்தின் தூணில் நான்கடிச் சங்கிலி. வெயிலிலும் மழையிலும் அதே தூண். நடைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகள் கம்பிக்கதவில் குச்சியால் தட்டி அதைக் குரைக்கவைப்பார்கள். வீட்டுக்காரர் மாடியில் நின்று பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கொக்கி கழன்று, பால் பாக்கெட் போட வந்த இளைஞரின் முன்கையைக் கிழித்துவிட்டது. பதினாறு தையல். விசாரிக்கப் போனவர்களிடம் வீட்டுக்காரர் சொன்ன பதில் இதுதான்: “இந்த ஜாதியே இப்படித்தான் சார்.”

இந்த வாக்கியத்தைச் சற்றே உற்றுநோக்க வேண்டுகிறோம். தடைப்பட்டியல் சொல்வதும் இதையேதான். மூன்றாண்டுகள் ஓர் உயிரைத் தூணில் கட்டிவைத்து வெறியேற்றியவர் தப்பிக்கச் சொன்ன சாக்கை, அரசு தன் முத்திரையிட்டுச் சட்டமாக்கித் தருகிறது. கடித்தது இனம் என்றால் வளர்த்தவர் நிரபராதி. தடையைக் கண்டிப்பான நடவடிக்கை என்று நம்பும் நண்பர்கள், அது யாரை விடுதலை செய்கிறது என்பதை எண்ணிப்பார்க்கட்டும்.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நாயைக் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராதிருப்பதையும் குற்றமென்கிறது. நாய் விற்போர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் விதிகள். வளர்ப்பு விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. குட்டியின் விலையைவிடக் குறைந்த இந்த அபராதத்தை உயர்த்தச் சொல்லிக் குரல் கொடுத்தவர் எத்தனை பேர்?

நாம் வேண்டுவது சலுகையை அல்ல, இன்னும் கடுமையான சட்டத்தை. நாய்க்கு முன் வளர்ப்பவருக்கு உரிமம் கொடுங்கள். ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில், புதிதாக நாய் வளர்ப்போர் தம் அறிவை நிரூபிக்கத் தேர்வு எழுதவேண்டியிருக்கிறது; இங்கும் அது வரட்டும். ஒவ்வொரு நாய்க்கும் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பொது இடத்தில் பிடிகயிறு. எந்த இனமானாலும், ஒருமுறை பாய்ந்த நாய்க்கு வாய்மூடி. கடிபட்டவரின் மருத்துவச் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில். மறுபடி தவறினால் அவர் வாழ்நாளில் நாய் வளர்க்கத் தடை. ஆம், தடைதான், ஆனால் மனிதருக்கு.

‘இதையெல்லாம் கண்காணிக்க நம் ஊரில் ஆள் ஏது, தடை எளிதல்லவா?’ என்பார்கள். எளிது ஏட்டில்தான். உரிமத்தைச் சரிபார்க்க ஆளில்லாத இடத்தில், எதிரே வரும் கலப்பு நாயின் வம்சத்தைத் தெருவில் நின்று தீர்ப்பளிக்க மட்டும் ஆள் எங்கிருந்து வருவார்? தடைக்கு அஞ்சுவோர் நாயை வீட்டுக்குள் ஒளிப்பார்கள். ஒளிக்கப்பட்ட நாய் கால்நடை மருத்துவரையோ தடுப்பூசியையோ காணாது. ஒளிக்கவும் துணியாதவர்கள் இரவோடிரவாக நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுப் போவார்கள். மனிதரை நம்பப் பழகாத, பசித்த, பெரிய நாய் ஒன்று ஏதோவொரு கிராமத்துக் குழந்தையின் முன் நிற்கும்.

கோம்பை நாயின் சிறப்பைக் கேட்டால், அந்நியரை அண்டவிடாது என்று மார்தட்டிச் சொல்வோம். அதே குணம் இறக்குமதியான நாயிடம் இருந்தால் பிறவிக் குற்றம் என்கிறோம். கோம்பையையும் பட்டியலில் சேருங்கள் என்பதல்ல நம் வாதம். தோட்டத்துக் காவலுக்குத் தலைமுறைகளாக அதைக் கையாண்டவர்களுக்கு, அதை எப்போது அவிழ்க்கலாம், எப்போது கட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தது. யானையைவிட நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் சொல்லிய மண் இது. வளர்ப்பவனின் தகுதி பற்றிய கேள்வியைத்தான் நாம் இன்னும் எழுப்பவில்லை.

பால் பாக்கெட் போடும் இளைஞர் இப்போது நம் தெருவுக்கு வருவதில்லை. நாயை யாரோ எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தூணில் சங்கிலி இன்னும் தொங்குகிறது. வீட்டுக்காரர் வேறொரு ‘ஜாதி’க் குட்டிக்குச் சொல்லிவைத்திருப்பதாகக் கேள்வி. அது எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லாத இனமாம்.