வெளிநாட்டு வேலைக்கு 'சீல்': அரசு கட்டணம் 50 ரூபாய், புரோக்கர் கேட்பதோ ஆயிரக்கணக்கில்!

சென்னை,

கையில் டிப்ளமோ சர்டிபிகேட் இருக்கிறது. பாஸ்போர்ட் இருக்கிறது. வேலையும் ரெடி. ஆனாலும் விமானம் ஏற முடியவில்லை! சர்டிபிகேட்டில் இன்னும் 'சீல்' விழவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய நூம்பலில் இருந்து வெளிநாடு கிளம்பும் எலக்ட்ரீஷியன், பிட்டர், நர்சுகள் திணறுவது இந்த இடத்தில்தான். "ஒரிஜினலைக் கொடுங்க, பத்தே நாள்ல முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் போதும். நகையை அடகு வைத்தாவது பணத்தைக் கட்டி விடுகிறார்கள்.

எது எந்த நாட்டுக்கு, எந்த வரிசையில் என்று தெரியாததுதான் புரோக்கர்களின் மூலதனம்.

முதல் படி கோட்டையில்

நம் ஊர் அதிகாரியின் கையெழுத்து வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது. அதனால் ஒருவர் கையெழுத்துக்கு இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும். படிப்புச் சான்றாக இருந்தாலும், பிறப்பு, திருமணச் சான்றாக இருந்தாலும் மாநில அரசு நியமித்த அதிகாரி முதலில் சரி பார்க்க வேண்டும். கம்பெனி பத்திரங்களுக்கு வர்த்தக சபை. பிறகுதான் மத்திய வெளியுறவுத் துறை.

வெளியுறவுத் துறையில் நேரில் போய் நீட்ட முடியாது. 2012 முதல், துறை நியமித்த ஏஜென்சிகள்தான் பேப்பரை வாங்குகின்றன. 'அப்போஸ்டில்' முத்திரைக்கு அரசு கட்டணம் 50 ரூபாய். சாதாரண அத்தாட்சிக்கு அதுவும் கிடையாது. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனி. இதற்காக டெல்லி வரை போன காலமும் உண்டு. 2019-ல் இருந்து சென்னையிலேயே முடிகிறது.

எந்த நாட்டுக்கு எது?

1961 அக்டோபர் 5-ல் தி ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சேர்ந்த நாடுகளுக்குள் அப்போஸ்டில் ஒன்றே போதும், தூதரக வாசல் மிதிக்க வேண்டாம். இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் இது அமலில் உள்ளது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

சவுதியில் 2022 டிசம்பர் 7 முதல் இது செல்லும். கனடாவில் 2024 ஜனவரி முதல் செல்லும். ஓமன், பஹ்ரைனும் உண்டு. ஆகவே, "சவுதி எம்பஸி அத்தாட்சிக்கும் சேர்த்து" என்று யாராவது சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்டால் உஷார்!

துபாய், குவைத், கத்தார் போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. வெளியுறவுத் துறை அத்தாட்சிக்குப் பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகமும் முத்திரை போட வேண்டும். செலவு ஏறுவது இங்கேதான்.

ஜெர்மனி கதையே வேறு. ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு. இந்திய அப்போஸ்டிலை அங்கே நீட்டிப் பயனில்லை. அந்நாட்டுத் தூதரகம் சொல்லும் வழிதான்.

போலி சீல்

இந்த முத்திரை கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. உள்ளே எழுதியிருக்கும் மார்க்குக்கோ பட்டத்துக்கோ வெளியுறவுத் துறை பொறுப்பு ஏற்பதில்லை. போலி பட்டம் சீல் விழுந்தாலும் போலிதான்!

சீலே போலியாக இருந்தால்? ஒவ்வொரு அப்போஸ்டில் ஸ்டிக்கரிலும் தனி எண் உண்டு. அதைத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்டால், கடல் கடந்த பிறகு மாட்டுவது புரோக்கர் அல்ல, வேலைக்குப் போனவர்!

இன்னொன்று, நம் ஊர் இனிஷியல் தலைவலி. சர்டிபிகேட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்றால் அங்கே கேள்வி கிளம்பும். சீல் குத்தும் முன்பே இதைச் சரி செய்து கொள்வது புத்திசாலித்தனம். சர்டிபிகேட்டை லாமினேஷன் செய்து வைப்பதும் ஆபத்து. பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது. உரிக்கப் போனால் பேப்பரே கிழியும்.

எந்த நாட்டுக்கு எந்த சீல், எங்கே வாங்குவது, கட்டணம் எவ்வளவு? பூந்தமல்லி, ஆவடி தாலுகா ஆபீஸ் சுவர்களில் இதைத் தமிழில் எழுதி ஒட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? ஒட்டினால் புரோக்கர்களின் பாதி வியாபாரம் படுத்துவிடும்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?