அரணும் அமானிதமும்

திருவாதவூர் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் மாணிக்கவாசகர் தோன்றுவார். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுவே என்னும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில், கண்மாயும் வயலும் சூழ்ந்த இவ்வூரில் குடியிருக்கும் யாம், இல்லக் கணிப்பொறியின் காவலைப் பற்றி எழுதப் புகுங்கால் கபிலரிடமிருந்தே தொடங்குதல் முறையெனக் கருதுகின்றோம்.

பாரியின் பறம்பினை மூவேந்தரும் முற்றுகையிட்டிருந்த காலத்தில் கபிலர் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் உள்ளது. அப்பறம்பு இன்றைய பிரான்மலையே என்பர் அறிஞர். உழவர் உழாமலே விளையுள் தரும் மலை அது; மரந்தோறும் யானையைக் கட்டினாலும், இடந்தோறும் தேரை நிறுத்தினாலும், வாளால் அதனைக் கொள்ள இயலாது; ஆனால் யாழை மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் சென்றால் பாரி நாட்டையும் குன்றையும் ஒருங்கே தந்துவிடுவான் என்பது அப்பாடலின் கருத்து. பாரியின் கொடைச் சிறப்பை உணர்த்த எழுந்ததே அப்பாடல். எனினும் அரண் பற்றிய இரண்டு உண்மைகள் அதனுள் அடங்கியுள்ளன. செம்மையாக அமைந்த அரணை வெளியிலிருந்து உடைத்தல் அரிது என்பது ஒன்று. அவ்வரணின் கதவை உள்ளிருப்பவரே திறந்துவிடக்கூடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் யாம் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. எம் இல்லத்து மேசையின்முன் அமர்ந்திருந்த ஒரு காலைப் பொழுதில்.

2021ஆம் ஆண்டு. பெருந்தொற்றுக் காலமாதலின் வகுப்புகள் இணையவழியே நிகழ்ந்தன. எம் கணிப்பொறி அடிக்கடி பழுதுற்றது. பழுதுநீக்க வந்த இளைஞர், ஒவ்வொரு முறையும் நேரில் வருதல் இயலாது என்று கூறி, தம் கடையிலிருந்தே எம் கணிப்பொறியை இயக்குமாறு ஓர் ஏற்பாடு செய்தார். அதற்காக ரூட்டரில் ஒரு வழியைத் திறந்துவைத்தார். அச்சுப்பொறி இயங்காமற்போகவே, கணிப்பொறியினுள் இருந்த காப்பு மென்பொருளையும் நிறுத்திவைத்தார். எம் கடவுச்சொல்லோ சிறுவரும் ஊகிக்கத்தக்க எளிய சொல். அவ்விளைஞர் நல்லவர், எமக்கு உதவவே அவ்வாறு செய்தார். என்ன செய்கிறீர் என்று யாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதே பிழை.

சில திங்கள் கழித்து ஒரு நாள் காலை கணிப்பொறியைத் திறந்தபோது கோப்புகள் யாவும் புரியாத பெயர்களோடு பூட்டப்பட்டுக் கிடந்தன. மீண்டும் வேண்டுமாயின் மின்னாணயத்தில் பணம் செலுத்துக என்று ஓர் அறிவிப்பு மட்டும் திறந்தது. பணம் தர எமக்கு மனம் இசையவில்லை. தந்தாலும் திறவுகோல் கிட்டும் என்பதற்கு உறுதியும் இல்லை. எம் பாடக்குறிப்புகள் அழிந்தமை பெரிதன்று. அவற்றை மீண்டும் எழுதிவிட்டோம். எம் துறை மாணவர் இருவர் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் அலைந்து, மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாடல்களையும் பதிவு செய்து, செம்மை செய்வதற்காக எம்மிடம் ஒப்படைத்திருந்தனர். செல்பேசியில் இடம் போதாமையால் தம்மிடமிருந்தவற்றை அழித்தும் விட்டனர். முப்பத்தெட்டுப் பாடல்களில் ஒன்பது மட்டும் வாட்ஸ்அப் வழி யாருக்கோ அனுப்பப்பட்டிருந்தமையால் மீண்டன. பாடியவருள் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடைய பேரன் எம்மிடம் வந்து, “ஐயா, எங்க அப்பத்தா பாடுனது கெடைக்குமா?” என்று கேட்டபோது யாம் விடை கூற இயலாது நின்றோம்.

நம் இல்லங்களில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் பொருள். அதனைக் காத்துத் திருப்பித் தருதல் கடமை. காசும் நகையும் மட்டுமே அமானிதம் என்று யாம் எண்ணியிருந்தோம். ஒரு மூதாட்டியின் குரலும் அமானிதமே என்பதை அன்று அறிந்தோம். “என் வீட்டுக் கணிப்பொறியில் களவாட என்ன இருக்கிறது?” என்று நம்மில் பலர் வினவுகின்றனர். இவ்வினாவே தவறு என்பதுதான் இக்கட்டுரை வழி யாம் கூற விழைவது. நம் கணிப்பொறியில் நம்முடையது மட்டும் இருப்பதில்லை. ஆசிரியர் இல்லத்தில் மாணவரின் மதிப்பெண்கள் இருக்கின்றன; ஜமாஅத் செயலாளர் இல்லத்தில் சந்தாக் கணக்கும் குடும்பப் பதிவுகளும் இருக்கின்றன; மகளிர் குழுத் தலைவியின் இல்லத்தில் உறுப்பினரின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. கதவைத் திறந்துபோட்டால் இழப்பவர் நாம் மட்டும் அல்லர்.

இனி, அரண் யாது என்பதைச் சிறிது விளக்குவோம். கட்டடம் ஒன்றில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாதபடி எழுப்பும் தடுப்புச் சுவருக்கு ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்று பெயர். அப்பெயரையே கணிப்பொறி வல்லுநர் எடுத்தாண்டனர். தமிழில் தீயரண் எனலாம். இணையத்தில் செய்தி யாவும் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து வருகின்றன. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உள்ளன. எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணும் உள்ளது. ஒரு கணிப்பொறிக்கு இத்தகைய துறைகள் 65,536 உண்டு. கொற்கைக்கும் தொண்டிக்கும் துறை இருந்தது போல இவையும் போக்குவரத்து வாயில்களே. பாதுகாப்பான இணையப் பக்கங்கள் 443ஆம் துறை வழியும், விண்டோஸ் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி பொதுவாக 3389ஆம் துறை வழியும் நிகழ்கின்றன. எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்பதை விதிகளின்படி ஆராய்ந்து, தக்கதை விட்டுத் தகாததைத் தடுப்பதே தீயரணின் தொழில்.

இது இருவகைப்படும். வன்பொருள் தீயரண் இல்லத்தின் வெளிமதில் போன்றது. இணைய இணைப்புத் தருவோர் நம் சுவரில் மாட்டிச் செல்லும் ரூட்டரிலேயே அதன் எளிய வடிவம் அமைந்திருக்கிறது. உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வரும் விடையை அது உள்ளே விடும்; கேளாமல் வருவதைத் தள்ளிவிடும். மென்பொருள் தீயரண் அறைக்கதவு போன்றது. அது கணிப்பொறிக்குள்ளேயே இருந்து, எந்தச் செயலி வெளியே பேசுகிறது, எது உள்ளே வர முயல்கிறது என்பதைக் காண்கிறது. வெளிமதில் இருக்க அறைக்கதவு ஏன் எனில், உறவினர் ஒருவர் நோயுற்ற மடிக்கணினியோடு வந்து நம் வைஃபையில் இணைவாராயின் அவர் மதிலுக்கு உள்ளே வந்துவிட்டார். அவ்விடத்து வெளிமதிலால் பயனில்லை. மடிக்கணினியை நாம் வெளியூருக்கு எடுத்துச் செல்லுங்கால் வெளிமதில் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. அறைக்கதவு மட்டுமே உடன்வருகிறது. ஆதலின் இரண்டும் வேண்டும். எம் இல்லத்தில் நிகழ்ந்ததையும் இப்போது விளங்கிக்கொள்ளலாம். வெளிமதிலில் ஒரு திட்டிவாசல் திறக்கப்பட்டது, அறைக்கதவு கழற்றப்பட்டது, எஞ்சிய பூட்டோ எளிய கடவுச்சொல்.

இவ்வரண்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் தீநிரல், பயன்படுத்துவோர் எதனையும் திறக்காமலே கணிப்பொறிகளுள் புகுந்து உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வெளியிட்ட இரண்டாம் திருத்தத் தொகுப்பில் தீயரண் தானாகவே இயங்குமாறு அமைத்தது. அன்று முதல் விண்டோஸ் கணிப்பொறிகளில் அது உடன்பிறந்ததாகவே வருகிறது. எனவே நம் இல்லத்தார்க்குப் பெரும்பாலும் புதிய அரண் வாங்கும் தேவை இல்லை. இருக்கும் அரணை அறிந்து ஆளும் தேவையே உண்டு.

அறியாதிருத்தலின் விளைவை நம் நாடே கண்டுள்ளது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் பலரின் மோடங்கள் தீநிரலால் தாக்குண்டன. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது வைத்திருந்தமையே அதற்கு வழிவகுத்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, மிராய் என்னும் தீநிரல் அறுபதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று, உலகெங்கும் இல்லங்களில் இருந்த ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கைப்பற்றியது. அவற்றைப் படையாகத் திரட்டி 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் மக்களுக்கு எட்டாமற்போயின. தம் வீட்டுக் கேமரா அப்போரில் பங்குகொண்டதை அதன் உரிமையாளர் பலர் அறிந்திருக்கவும் மாட்டார். “என் வீட்டில் என்ன இருக்கிறது?” என்போர்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை. களவாட ஒன்றும் இல்லாத வீட்டையும் களவுக்கு ஏணியாக்கலாம்.

உள்மதில்களின் தேவைக்கு இரு சான்றுகள் போதும். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான கணிப்பொறி ஒன்றில் தீநிரல் காணப்பட்டதை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அலுவலகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புடைய கணிப்பொறி அது; முதன்மையான உள்வலையமைப்போ அதனினின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கியது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவைக்கணினிகள் தாக்கப்பட்டபோது நிலைமை வேறு. பதிவு முதலிய பணிகளைப் பல நாள்கள் கையால் எழுதியே நடத்த நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இல்லத்திலும் இதே நெறிதான். தொலைக்காட்சி, கேமரா, விருந்தினர் செல்பேசி ஆகியவற்றுக்கு ரூட்டரில் உள்ள விருந்தினர் வைஃபையைத் தருக. கணிப்பொறியைத் தனியே வைத்துக்கொள்க. விருந்தோம்பல் நம் பண்பு. ஆயினும் விருந்தினரைத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்த்துகிறோமேயன்றிப் பெட்டகம் இருக்கும் அறையில் அமர்த்துவதில்லை.

செய்யத்தக்கன சில. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுக. வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதியை நிறுத்துக. திறந்துள்ள துறைகளின் பட்டியலைப் பார்த்து, எதற்கென்று விளங்காததை, விவரம் அறிந்தவரைக் கேட்டு மூடுக. கணிப்பொறியின் தீயரண் இயங்குகிறதா எனக் காண்க. ஒரு கருவி இயங்கவில்லை என்பதற்காக அதனை முழுவதும் அணைத்தல், கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றுவதற்கு ஒப்பாகும். இயங்குதளத்துக்கு வரும் புதுப்பிப்புகளை ஒத்திப்போடாதீர். 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய வானாகிரை தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, அடைக்காதவரே அல்லலுற்றனர். யாவற்றினும் மேலாக, முதன்மையான கோப்புகளுக்கு ஒரு நகலைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, அதனைக் கணிப்பொறியினின்று கழற்றி வைக்க. இவ்வொன்றைச் செய்திருந்தால் அப்பேரனுக்கு யாம் விடை கூறியிருப்போம்.

அரணே அனைத்தையும் காக்கும் என்று கூறுவார் உளர். யாம் அதற்கு உடன்படோம். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் குரலை எந்தத் தீயரணும் தடுக்காது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை நாமே திறந்தால் காவலன் விலகி நிற்பான். இங்கேதான் பறம்பின் இரண்டாம் உண்மை நிற்கிறது. யாழோடு வந்தவர்க்குக் கதவைத் திறத்தல் பாரிக்குப் புகழ். தன் பொருளை அவன் தந்தான். நம்மிடம் இருப்பதோ பிறர் பொருள். அதனைத் தரும் உரிமை நமக்கில்லை. அவ்வாறு பணம் இழந்தோர் வெட்கி மறைக்காது, உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுக.

நம் கல்லூரிகள் தட்டச்சும் தேடலும் கற்பிக்கின்றன, காவல் கற்பிப்பதில்லை. தமிழ்த்துறைக்கு இதனோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஓலையைச் செல்லரிக்காது காத்தவரும், படியெடுத்து வைத்தவரும் இருந்தமையால் அன்றோ சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன? இன்று நம் மாணவர் தொகுக்கும் குரல்களும் கையெழுத்துப் படிகளும் கணிப்பொறியில் வாழ்கின்றன. களப்பணிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் பதிவு செய்யும் முறையைக் கற்பிக்கும் அதே நாளில் நகலெடுத்துக் காக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

அரண் என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், எத்துணை மாட்சி உடையதாயினும், செயலில் மாட்சி இல்லார்க்கு அரணால் பயனில்லை என்கிறார். மதில் நம் சுவரில் ஏற்கெனவே மாட்டப்பட்டுள்ளது. அதன் கதவுகளுள் எது திறந்திருக்கிறது, ஏன் திறந்திருக்கிறது என்பதை அறிந்து வைத்தல் இல்லத்தார் கடன். எஞ்சிய ஒன்பது பாடல்களும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அம்மாணவர் இருவரும் மீண்டும் அச்சிற்றூர்களுக்குச் சென்று வருகின்றனர்.