உளுத்த பலகை... உளுத்த கணக்கு!

போன வாரம் முக்கொம்பில் உட்கார்ந்து ஒரு பில்லைப் படித்தேன்.

காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமுமாகப் பிரிகிற இடம். சுண்டலைக் கொறித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டிய இடத்தில் பில் எதற்கு என்கிறீர்களா? படிக்க வைத்தவர் என் கல்லூரி நண்பனின் அப்பா. ஸ்ரீரங்கத்துக்காரர். பேங்க்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்ப்பா, பேருக்குத்தான் நீ பத்திரிகைக்காரனா? இந்தப் பகல் கொள்ளையை எல்லாம் எழுத மாட்டியோ?" என்று சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

கதை இதுதான். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்துவிட்டார். ஃபிளாட்டில் ஊஞ்சலுக்கு ஏது இடம்? அம்மா காலத்து ஊஞ்சல் பலகை, மூன்று தலைமுறைக் கொலு பொம்மைகள், பித்தளைப் பாத்திரங்கள், மூங்கில் முறம், மாமி ஆசையாக ரொப்பி அனுப்பிய அஞ்சறைப்பெட்டி... எல்லாவற்றையும் மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கப்பலில் அனுப்பினார். பொம்மை உடையக் கூடாதே என்று வைக்கோல் சுற்றி.

அங்கே இறங்கியதும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வைக்கோல் கூடாது. அஞ்சறைப்பெட்டிச் சாமான் கூடாது. முறத்தின் இடுக்கில் பூச்சி. ஊஞ்சல் பலகையின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள், தட்டினால் மாவு மாதிரி தூள். "மருந்துப் புகை போடலாம், திருப்பி அனுப்பலாம், அல்லது அழித்துவிடலாம். எதுவாக இருந்தாலும் செலவு உங்களுடையது" என்று மகனுக்குக் கடிதம் வந்தது. அவன் யோசித்து முடிவு சொல்வதற்குள் கிடங்கு வாடகை ஏறியது. பரிசோதனைக்குக் கால் மணி நேரக் கணக்கில் கட்டணம். புகைக்குத் தனி. அழித்ததற்கும் தனி! கூட்டிப் பார்த்தால், இங்கே கட்டிய கப்பல் கூலியைவிட அங்கே கட்டியது அதிகம்.

"பலகையோட விலையைவிடப் புகையோட விலை ஜாஸ்தி! எழுதுவியா, மாட்டியா?"

"எழுதறேன் மாமா" என்றேன்.

எழுதிவிட்டேன். ஆனால் மாமா எதிர்பார்த்த மாதிரி இல்லை. அவர் கோபிப்பார். நீங்களும் கோபிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ பெண்ணோ சிட்னியிலோ ஆக்லாந்திலோ இருக்கும். நாளைக்கு நீங்களும் ஒரு பெட்டி அனுப்புவீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாக்காரன் பிறக்கும்போதே ஜாக்கிரதைக்காரன் இல்லை. 1859-ல் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டையாடிப் பொழுதுபோக்குவதற்காக இங்கிலாந்திலிருந்து கொஞ்சம் முயல்களை வரவழைத்து அவிழ்த்துவிட்டார். அவை பெருகிப் பெருகிக் கண்டத்தையே மேய்ந்தன. 1935-ல், கரும்பைக் கெடுக்கும் வண்டைத் தின்னும் என்று ஒரு ராட்சதத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றது. சூடு கண்ட பூனை சார்! 1908-லேயே குவாரன்டைன் சட்டம் இருந்தது, அதையும் மாற்றி 2015-ல் பயோசெக்யூரிட்டி சட்டம். நியூசிலாந்து 1993-லேயே போட்டுவிட்டது.

சரி, மாமியின் அஞ்சறைப்பெட்டி என்ன பாவம் செய்தது? இங்கேதான் நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து வீட்டுச் சாமான்களோடு அரிசி, கடலை, சீரகம், தனியா, காய்ந்த மிளகாய், துவரம்பருப்பு அனுப்பக் கூடாது என்று ஆஸ்திரேலியா தடை போட்டது. காரணம், காப்ரா என்று ஒரு வண்டு. பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா, நம்ம ஊர் சரக்கு! தானியக் கிடங்கில் புகுந்தால் மிச்சம் வைக்காது. அதன் புழு சாப்பாடே இல்லாமல் வருஷக்கணக்கில் இடுக்கில் கிடந்து உயிர் பிழைக்கும். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலும் குழந்தை நாற்காலி வந்த பெட்டியிலும்கூட அங்கே அதைப் பிடித்திருக்கிறார்கள். கோதுமையை ஏற்றுமதி செய்து பிழைக்கிற நாடு, ஒரு டப்பா துவரம்பருப்புக்காகத் தன் கிடங்கைப் பணயம் வைக்குமா?

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒரே விஷயம்தான் இன்றுவரை நினைவில் இருக்கிறது. ஒரு பற்று இருந்தால் ஒரு வரவு இருந்தே தீரும். ஒரு செலவை நீங்கள் கட்டவில்லை என்றால், அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியாவில் பெட்டி அனுப்பியவர் கட்டுகிறார். நம் நாட்டில் யார் கட்டுகிறார்கள்? முக்கொம்பு பெஞ்சிலிருந்து எழுந்து நாலு அடி நடந்தாலே தெரியும்.

வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே ஆகாயத்தாமரை, அது தென் அமெரிக்கச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூ அழகாக இருக்கிறது என்று வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஜேசிபி வைத்து அள்ளுகிற செலவு யார் பணம்? உங்கள் பணம், என் பணம். ரோட்டோரம் முழுக்கப் பார்த்தீனியம். 1950-களில் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்கிறார்கள். தோலில் பட்டால் அரிப்பு, மூச்சில் போனால் இழுப்பு. ஆஸ்பத்திரிச் செலவை எந்தக் கோதுமைக் கம்பெனி கொடுத்தது?

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2008-க்கு வருவோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தது. மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி என்று தாவியது. மருந்தடித்து மருந்தடித்து விவசாயி கடனாளி ஆனதுதான் மிச்சம். கடைசியில் 2010-ல் போர்டோரிகோவிலிருந்து குட்டியூண்டு குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தப் பூச்சி எந்தப் பெட்டியில், யார் பையில் வந்தது? யாருக்கும் தெரியாது. அதனால் பில்லும் யாருக்கும் போகவில்லை. பப்பாளிக்காரர் கட்டினார். பட்டுப்பூச்சி வளர்த்தவர் கட்டினார்.

இப்போது நிஜமாகவே வயிற்றைக் கலக்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்சியிலிருந்து முக்கொம்புக்கு ஜீயபுரம் வழியாக வந்தவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் வாழை. மத்திய அரசு வாழைக்கென்று ஓர் ஆராய்ச்சி மையத்தை 1993-ல் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஊரே திருச்சிதான். ரஸ்தாளி போட்ட விவசாயியிடம் 'வாடல்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சைக் காளானின் வேலை அது. போன நூற்றாண்டில் உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த 'குரோ மிஷெல்' என்ற வாழை ரகத்தை வியாபாரத்திலிருந்தே துரத்திய நோய். அதற்குப் பதிலாகத்தான் கேவண்டிஷ் வந்தது, நம் கடைகளில் நீளமாகப் பச்சையாகத் தொங்குவது. இப்போது அதையும் சாய்க்கிற புது வகை வந்துவிட்டது. பெயர் டி.ஆர்.4. ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல பத்து வருஷங்களுக்குப் போகாது. குணப்படுத்த மருந்து கிடையாது. நோயுள்ள கன்றில் வரும். செருப்பில் ஒட்டிய மண்ணில் வரும். மண்வெட்டியில், டயரில், ஓடுகிற தண்ணீரில் வரும்.

ஆஸ்திரேலியாவில் 1997-ல் வடக்குப் பகுதியில் வந்தது. 2015-ல் குயின்ஸ்லாந்தின் வாழைத் தோட்டங்களில் வந்தது. வேலி போட்டார்கள், வண்டியைக் கழுவினார்கள், தோட்டத்துக்குள் போகிறவனின் பூட்ஸைக் கழுவ வைத்தார்கள். அப்படிப்பட்டவன் மாமா அனுப்பிய பெட்டியில் மண் இருக்கிறதா என்று பார்க்க மாட்டானா?

நம் நாட்டிலும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்த நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது. காவிரிக்கரைக்கு வந்தால்? தண்ணீருக்கு வேலி போட முடியுமா சார்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1914-ல் வெள்ளைக்காரன் போட்ட பூச்சிகள் சட்டம். அதன் கீழ் 2003-ல் ஓர் இறக்குமதி ஆணை. கப்பல் கப்பலாக வருகிற பருப்புக்கும் மரத்துக்கும் சான்றிதழ், பரிசோதனை, கட்டணம் எல்லாம் உண்டு. ஆனால் தனி மனிதனின் சூட்கேஸுக்கும் வீட்டுச் சாமானுக்கும்? திருச்சி விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்! எப்போதாவது ஆமைக்குஞ்சும் பிடிபடும். யாரோ ஒருவர் கொண்டுவந்த செடிக்கன்றையும் மண் ஒட்டிய ஷூவையும் பிடித்தார்கள் என்று செய்தி படித்த ஞாபகம் இருக்கிறதா? தங்கம் வந்தால் அரசாங்கத்துக்கு வரி நஷ்டம். கன்று வந்தால் ஒரு ஜில்லாவுக்கே சோறு நஷ்டம். நாம் தேடுவது தங்கத்தை!

2013-ல் வேளாண் பயோசெக்யூரிட்டிக்கென்று ஒரு மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். மறுவருஷம் அவையின் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதி. யாராவது மறியல் செய்தார்களா? டீக்கடையில் ஒரு வார்த்தை பேசினோமா?

அப்படியானால் மாமாவின் கோபம் நியாயமே இல்லையா? பாதி நியாயம். ஆனால் முகவரி தப்பு.

கொட்டேஷனைக் கொண்டுவரச் சொன்னேன். சாமான் கட்டிய கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு "டோர் டு டோர், ஆல் இன்க்ளூசிவ் சார்" என்று வாயால் சொல்லியிருக்கிறார். காகிதத்தின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், 'அங்கே ஆகும் துறைமுகச் செலவு, குவாரன்டைன் செலவு அட் ஆக்சுவல்ஸ்' என்று இருக்கிறது. 'அட் ஆக்சுவல்ஸ்' என்றால் என்ன தெரியுமா? "எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மாட்டேன்" என்று அர்த்தம். வைக்கோல் சுற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொன்னால் ஆர்டர் போய்விடுமோ என்கிற பயம். கொள்ளை எங்கேயாவது நடந்திருந்தால் அது மெல்போர்னில் இல்லை, மாமா வீட்டுக் கூடத்தில்.

ஆஸ்திரேலியா மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. ஒரு கன்டெய்னர் நிறைய அனுப்புகிற பணக்காரருக்கு இந்தக் கட்டணம் கொசுக்கடி. நாலு பெட்டி அனுப்புகிற நர்ஸ் பெண்ணுக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பில்லை. ஆனால் "சோதனையே வேண்டாம்" என்று கேட்காதீர்கள்.

நீங்கள் அனுப்பப் போகிறீர்களா? 'அட் ஆக்சுவல்ஸ்' என்ற வார்த்தை இருந்தால், போன மாதம் இதே ஊருக்கு அனுப்பியவருக்கு எவ்வளவு ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். மரப்பெட்டியில் கோதுமைக்கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த மரத்தை உள்ளே 56 டிகிரி வரைக்கும் அரை மணி நேரம் சூடாக்கியோ, மருந்துப் புகை போட்டோ பூச்சியைக் கொன்றதற்கு அதுதான் அடையாளம். ஷூ, சைக்கிள், தோட்டத்துச் சாமான் எல்லாவற்றையும் மண் போகக் கழுவிக் காய வையுங்கள். துடைப்பம், முறம், வைக்கோல் வேண்டவே வேண்டாம். துவரம்பருப்பு மெல்போர்னிலேயே கிடைக்கும். படிவத்தில் பொய் மட்டும் எழுதாதீர்கள்.

2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, இதே முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை. அதுவரைக்கும் பிக்னிக் வந்தவர்களில் எத்தனை பேர் அந்த மதகை நிமிர்ந்து பார்த்திருப்போம்? உடைந்த பிறகு ஊரே வந்து பார்த்தது. காவல் காக்கிற எதுவும் அப்படித்தான். வேலை செய்கிறவரை தண்டச்செலவு மாதிரி தெரியும்.

மாமா, உங்கள் பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதில் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, எதற்காக வாங்கினார்கள் என்று இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கேட்டு வழக்காடலாம். பப்பாளிக்காரர் கட்டினாரே, அந்தப் பில்லில் இதெல்லாம் எதுவும் இல்லை. நாளைக்கு ஜீயபுரத்து வாழைக்காரர் வீட்டுக்கு ஒன்று வந்தால், அதிலும் இருக்காது.