இருபது பக்கமும் பி பிளஸும்

நான் நகரவியல் பாடம் நடத்துகிறவன் என்று தெரிந்தால் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். சனிக்கிழமை ஆனால் பிள்ளை ஏன் பிரிக்பீல்ட்ஸில் சுற்றுகிறாள்? இருபது பக்கம் எழுதிக் கொடுத்தும் ஏன் பி பிளஸ்?

முதல் கேள்விக்குக் கணக்கே பதில். மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. வகுப்பில் உட்காருவது அதில் பாதிகூட வராது. மிச்சமெல்லாம் வாசிப்பு, நடை, எழுத்து. என் வகுப்பில் நூற்றுக்கு 60 மதிப்பெண் பாடப்பணிக்குப் போகிறது: களக்குறிப்பு 20, வரைபடம் 15, அறிக்கை 25.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் என்று தலைப்புக் கொடுத்தால் முதல் ஆறு பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன, சுவெட்டன்ஹாம் செங்கல்லில் கட்டச் சொன்னார், யாப் குவான் செங் காலத்துச் செங்கல் சூளைகள், பிறகு ரயில்வே, யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல், 2010இல் லிட்டல் இந்தியா. எல்லாம் சரிதான். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். இதற்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது.

ஒரு மாணவர் கொடுத்தது ஒன்பதே பக்கம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அதனால் அங்கே வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் அதிகம். நடைபாதையில் அவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். இவர் ஒரே பாதையில் காலை, மதியம், மாலை என்று நின்று, அந்த ஓடுகள் மேல் எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை கடைச் சாமான், எந்த நேரத்தில் என்று எண்ணினார். எண்ணியதை வரைபடத்தில் குறித்தார். மாலையில் அந்தப் பாதை பாதையாகவே இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஏ.

இன்னொரு அறிக்கை வழவழவென்று, ஒரு பிழை இல்லாமல் வந்தது. ரயில்வே காலத்து ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் ‘இன்றும் கம்பீரமாக நிற்கின்றன’ என்று அதில் இருந்தது. அவற்றை இடித்து வருடக்கணக்காகிறது. கைப்பேசி எழுதிக் கொடுத்திருக்கும், கால் போகவில்லை. களக்குறிப்பு நோட்டைக் கேட்டேன். இல்லை. 20 மதிப்பெண் அங்கேயே போயிற்று.

கிள்ளானிலிருந்து வரும் ஒரு மாணவியிடம்தான் எனக்கு யோசிக்க வேண்டி வந்தது. அவள் அம்மாவுக்குத் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை. அஞ்சடியில் யார் எவ்வளவு இடம் பிடிக்கலாம், தீபாவளிக்கு முந்திய வாரம் அந்த எல்லை எப்படி நகரும், அதில் யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். வரைவைப் படித்துவிட்டு, ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“சார், எங்கம்மாதான் ஆதாரம்” என்றாள்.

சரி, அப்படியானால் அம்மாவைப் பேட்டி எடு என்றேன். அனுமதி கேள், தேதி போடு, பக்கத்துக் கடைக்காரரையும் கேள், இருவரும் முரண்பட்டால் அதையும் எழுது. அவள் முகத்தில் எரிச்சல் தெரிந்தது, நியாயம்தான். வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒரு நாள் வந்து அதே அம்மாவிடம் கேட்டு எழுதினால் ஆய்வு என்கிறோம், மகள் எழுதினால் சொந்தக் கதை என்கிறோம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. படிக்கிறவர் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஐந்து பேட்டியோடு வந்தாள். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன எல்லைக் கதை அம்மா சொன்னதற்கு நேர் எதிர். அறிக்கையின் சிறந்த பக்கம் அதுதான்.

மொழி விஷயத்தில் மட்டும் மதிப்பீட்டு அட்டவணையோடு எனக்குச் சண்டை உண்டு. பேட்டி தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில். ‘அஞ்சடி’க்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது, ‘அவங்க இடம், நம்ம பொழைப்பு’ என்று ஒருவர் சொன்னதை ஆங்கிலமாக்கினால் பாதி உதிர்ந்துவிடுகிறது. என் வகுப்பில் பேட்டியைத் தமிழிலேயே கொடுத்து அடியில் மொழிபெயர்ப்புச் சேர்க்கலாம். இலக்கணத்துக்கு 3 மதிப்பெண்தான்.

மதிப்பெண் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு நிபந்தனைகளோடு பிடிபிடிஎன் கடன் விலக்குக் கிடைக்கிறது. அரைப் புள்ளியில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் நிற்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அதனால்தான் அட்டவணையை முதல் வாரமே கையில் கொடுத்துவிடுகிறேன். பிள்ளையிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வரைவைத் திருத்தித் தருவதற்கென்றே ஏழாவது வாரம் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் அந்த வாரம் வருவதே இல்லை.

அடுத்த பருவம் எல்லாரையும் கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணி, ரயில் நிலைய வாசல். நோட்டுப் புத்தகமும் தண்ணீரும் போதும்.