கேப்டன் சீட்டுக்கு டோக்கன்!

அமெரிக்க விமான நிறுவனங்களில் கேப்டன் ஆக என்ன வேண்டும்? திறமைன்னு சொன்னீங்கன்னா பாதி மார்க்தான். பயிற்சியும் தேர்வும் உண்டு, ஆனால் யார் முதலில் என்பதை முடிவு செய்வது சீனியாரிட்டி நம்பர், அதாவது வேலைக்குச் சேர்ந்த தேதி. காலியிடம் அறிவித்ததும் எந்த விமானம், எந்த ஊர், எந்த சீட் என்று விமானிகள் 'பிட்' போடுவார்கள். கேட்டவர்களில் யார் நம்பர் முன்னால் இருக்கிறதோ அவருக்கு இடம். அவ்வளவுதான்.

இதில் நல்லதும் இருக்கு. மேலதிகாரிக்கு ஜால்ரா தட்டி யாரும் கேப்டன் ஆக முடியாது. மோசமான வானிலையில் பறக்க மறுத்தவரின் பதவி உயர்வை நிர்வாகம் அமுக்கவும் முடியாது.

அநியாயம் எங்கேன்னா, அந்த நம்பர் கம்பெனி வாசலோடு செத்துப்போகிறது. இருபது வருஷ கேப்டன் வேறு பெரிய நிறுவனத்துக்குப் போனால் கடைசி நம்பர், துணை விமானி சீட், புதுசாகச் சேர்ந்தவன் சம்பளம்! அதனால்தான் பிடிக்காத கம்பெனியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியது. வந்த விமானிகளில் பெரும்பகுதியினரைப் பட்டியலின் அடியில் சொருகினார்கள். அதே வருஷம் செப்டம்பர் 11. ஆட்குறைப்பு வந்தால் அடியிலிருந்துதானே வெட்டுவார்கள்? வெட்டினார்கள். நிர்வாகத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை, அமெரிக்கன் விமானிகள் சங்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பட்டியல்தான் அது. தொழிலாளர் ஒற்றுமையாம்!

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே பட்டியல் என்பது பழைய யோசனைதான். மேலே இருப்பவர்கள் விட்டால்தானே? பறந்த மணிக்கணக்கை உரிமத்துக்கு எந்தக் கம்பெனியில் பறந்திருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். சீனியாரிட்டிக்கு மட்டும் அது ஏன் செல்லாக்காசு?