ஜெயிச்சாலும் திட்டுவோம்!

ஒரு சின்னக் கணக்கு பாஸ். அமெரிக்க ஃபுட்பால்ல ஒரு டீம் ஏழு பாயின்ட் எடுத்தா அது எப்படி வந்திருக்கும்? கொஞ்சம் தெரிஞ்சவங்ககூட டக்குனு சொல்லிடுவாங்க. ஒரு டச்டவுனுக்கு ஆறு, அதுக்கப்புறம் உதைக்கிற எக்ஸ்ட்ரா கிக்குக்கு ஒண்ணு, ஆக ஏழு.

2022 செப்டம்பர் 3-ம் தேதி அயோவா யூனிவர்சிட்டி டீம் இந்தக் கணக்கையே மாத்திடுச்சு. ஒரு ஃபீல்டு கோலுக்கு மூணு பாயின்ட். எதிர் டீம் ஆளை அவங்க எல்லைக் கோட்டுக்குள்ளேயே ரெண்டு தடவை மடக்கிப் போட்டதுக்கு ரெண்டும் ரெண்டும் நாலு. டச்டவுன்? சுத்தம்! ஒரு படி கீழே இருக்கிற டிவிஷன்ல ஆடுற சவுத் டகோட்டா ஸ்டேட் டீமை 7-3னு ஜெயிச்சாங்க. சொந்த ஊர், சொந்த கிரவுண்டு, ஜெயிச்ச மேட்ச். ஆனா கேலரியில இருந்து கேட்டது கைதட்டல் மட்டும் இல்லீங்க, 'ஊ...ஊ...'வும்தான்!

விஷயம் புரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ டியூஷன். நம்ம கால்பந்து இல்ல இது. முட்டை மாதிரி பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடணும், எறியணும். நாலு சான்ஸ்ல பத்து கஜம் முன்னேறினா இன்னும் நாலு சான்ஸ். முடியாதுனு தோணினா நாலாவது சான்ஸ்ல பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைச்சு எதிரிகிட்டயே கொடுத்துடணும். அதுக்குப் பேரு பன்ட். தாக்குற கூட்டம் தனி, தடுக்கிற கூட்டம் தனி. தாக்குற கூட்டத்துக்கு ஐடியா கொடுக்கறவர்தான் ஆஃபென்ஸிவ் கோ-ஆர்டினேட்டர்.

அயோவாவில 2017-லேர்ந்து 2023 வரைக்கும் அந்த சீட்ல இருந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ். 1999-லேர்ந்து ஹெட் கோச்சா இருக்கிறவர் கிர்க் ஃபெரன்ட்ஸ். இனிஷியலைப் பார்த்து யோசிக்காதீங்க, அப்பா-பையன்தான்! ரூல் இடிக்கும்ங்கிறதால பேப்பர்ல மட்டும் பையனுக்கு மேலதிகாரி அப்பா இல்ல, அத்லெடிக் டைரக்டர். நம்பிட்டோம்ல?

இப்போ நீங்க அந்த காலேஜ் ஸ்டூடன்ட்னு வெச்சுக்குங்க. சனிக்கிழமை காலையிலேயே கறுப்பு-மஞ்சள் டி-ஷர்ட் மாட்டிட்டு கின்னிக் ஸ்டேடியத்துக்குக் கிளம்பறீங்க. கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர். முதல் குவார்ட்டர் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும் திரும்பி, பக்கத்துல இருக்கிற குழந்தைகள் ஆஸ்பத்திரியோட ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டும். 2017-ல ஆரம்பிச்ச பழக்கம். அந்த ஒரு நிமிஷத்துல தொண்டை அடைக்கும். அப்புறம் ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும். மூணு சான்ஸ், நாலு கஜம், பன்ட். திரும்ப மூணு சான்ஸ், ரெண்டு கஜம், பன்ட். தொண்டை திரும்ப அடைக்கும், இது வேற காரணம்!

இதுல காமெடி என்னன்னா, அந்த டீம்ல பெரிய ஹீரோவே பன்ட் அடிக்கிற ஆள்தான். டோரி டெய்லர், ஆஸ்திரேலியாக்காரர். 2023 சீசன்ல மட்டும் 4,479 கஜ தூரத்துக்கு உதைச்சு, 1938-லேர்ந்து யாராலயும் தொட முடியாத ரெக்கார்டை உடைச்சார். 'பன்ட் அடிக்கிறதே வெற்றி'னு டி-ஷர்ட்டே வந்துச்சு. வயித்தெரிச்சலை ஜோக்கா மாத்திக்கிறது எல்லா ஊர் ஸ்டூடன்ட்ஸுக்கும் பொதுக் குணம் போல.

ஆனா ஜோக் முடியுற இடம் ஒண்ணு இருக்கு. சார்லி ஜோன்ஸ்னு ஒரு பையன். பந்தைப் பிடிக்கிற ஆள். 2021-ல அயோவாவுக்காக அந்த சீசன் முழுக்க 21 பந்துதான் பிடிச்சார், 323 கஜம். அடுத்த வருஷம் பர்டியூ யூனிவர்சிட்டிக்கு மாறினார். பிடிச்சது 110 பந்து, 1,361 கஜம், 12 டச்டவுன்! அதே கை, அதே கால். அந்த வருஷம் அயோவா டீம் பர்டியூ ஊருக்கே போய் 24-3னு ஜெயிச்சது வேற விஷயம். ஒரு பையன் காலேஜ்ல ஆடுறது நாலஞ்சு வருஷம். கோச்சுக்கு அடுத்த சீசன் வரும். அவனுக்கு வராது. ரசிகன் கத்துறானே, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கிற இடம் இதுதான்.

2023 பிப்ரவரியில நிர்வாகம் ஒரு புது ஒப்பந்தம் போட்டுச்சு. சம்பளத்துல 50,000 டாலர் கட். மேட்ச்சுக்கு சராசரி 25 பாயின்ட் எடுக்கணும், ஏழு மேட்ச் ஜெயிக்கணும். அட்டெண்டன்ஸ் ஷார்டேஜ் ஆன பையன்கிட்ட எழுதி வாங்குவாங்களே, அதே மாதிரி! முதல் மேட்ச்ல எடுத்தது எவ்வளவு தெரியுமா? 24. ஒரு மார்க்குல அரியர்!

சீசன் நடுவுல மெயின் குவார்ட்டர்பேக் காயம் பட்டு வெளியே போனார், அதையும் சொல்லணும். அக்டோபர் 30-ம் தேதி, 'இந்த சீசனோட பிரையன் கிளம்பறார்'னு அறிவிப்பு வந்துடுச்சு. சீசன் முடிவுல சராசரி 15.4. கடைசி ரெண்டு மேட்ச்ல மிச்சிகன்கிட்ட 26-0, டென்னஸிகிட்ட 35-0. ரெண்டுலயும் முட்டை.

சரி, இப்போ நீங்க எதிர்பார்க்காத பகுதி. அந்த சீசன்ல அயோவா ஜெயிச்சது எத்தனை மேட்ச்? பத்து! டிஃபென்ஸ் அப்படி ஒரு சுவர். 2024-ல டிம் லெஸ்டர்னு புது ஆஃபென்ஸ் கோச் வந்தார். சராசரி 27.7 பாயின்ட். கேலெப் ஜான்சன்ங்கிற ஒரே ஆள் 1,537 கஜம் ஓடினார். ஜெயிச்சது? எட்டுதான்!

"பார்த்தியா, பாயின்ட் ஏறுச்சு, வெற்றி குறைஞ்சுடுச்சு. அப்போ நீ கத்தினது தப்புதானே?"னு ஒரு அங்கிள் கேட்பார். இல்ல அங்கிள். டிஃபென்ஸ் பசங்க ரத்தம் சிந்தி ஜெயிச்சுக் கொடுத்ததை, ஆஃபென்ஸ் சரியாத்தான் இருக்குங்கிறதுக்கு சர்டிஃபிகேட்டா காட்ட முடியாது. குரூப் புராஜெக்ட்ல மூணு பேர் ராத்திரி முழுக்க முழிச்சு 'ஏ' கிரேடு வாங்கினா, நாலாவது ஆள் வேலை செஞ்சான்னு அர்த்தமா?

ஆனா அங்கிள் சொல்றதுல ஒரு பாதியை நாமளும் எடுத்துக்கணும். ஆளை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு கத்தினோம் பாருங்க, அது பாதிதான் நிஜம். அதோட, திட்டுறதை அந்தப் பிளான் போட்ட ஆளோட நிறுத்திக்கணும். தப்பாப் போட்ட பிளானை நம்பி ஓடி, அடி வாங்கி விழுந்து எழுந்திருக்கிற பத்தொன்பது வயசுப் பையன் மேல 'ஊ' போடக் கூடாது. அவன் நாளைக்குக் காலையில நம்ம பக்கத்து பெஞ்சுல உட்காருவான்.

உங்க காலேஜ் டீம்லயும் சாதாரணமா ஆடுற ஒரு சார்லி ஜோன்ஸ் இருக்கலாம். அவனுக்கு இது வரைக்கும் எத்தனை பந்து போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!