நாலு தம்பதிகளும் ஒரு கோல்ப் பிரயாணமும்



இந்த வாரத் தபாலில் சுவாரசியமான கேள்வி ஒன்று வந்திருக்கிறது. "என் கணவரும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் வெகு காலமாகக் கோல்ப் ஆடுகிறவர்கள். வருகிற ஜூன் மாதம் நாலு தம்பதிகளுமாக ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவதென்று தீர்மானமாகியிருக்கிறது. புருஷர்கள் நாலு பேரும் ஆடுவார்கள். பெண்களில் ஒருத்தி ஆடுவாள். பாக்கி மூன்று பேருக்கும் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. ஆனால் திட்டம் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார் ஒரு சகோதரி.

ஆடத் தெரியாதவரிடம் ஆட்டப் பிரயாணத்தை ஒப்படைத்தார்களே என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு என்னவோ இது ரொம்ப நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. ஆடுகிறவர்கள் திட்டம் போட்டால் மைதானத்தில் ஆரம்பித்து மைதானத்திலேயே முடித்து விடுவார்கள். ஆடாதவருக்குத்தான் மற்ற மணி நேரங்கள் கண்ணில் படும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 குழிகள் கொண்ட ஓர் ஆட்டத்துக்குச் சுமார் நாலு மணி நேரம் பிடிக்கும். போக வர, உடை மாற்ற, தேநீர் அருந்த, ஆடிய ஆட்டத்தை ஒரு தடவை வாயாலும் ஆடி முடிக்க, இன்னும் இரண்டு மணி. ஆக ஆறு மணி நேரம். பத்து நாளில் ஆறு நாள் ஆடினால் 36 மணி நேரம். அந்த 36 மணி நேரமும் மூன்று பெண்கள் என்ன செய்வார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் டிக்கெட் வாங்கினால், வந்த பிறகு அவர்கள் செய்யப்போவது ஒன்றே ஒன்றுதான்: காத்திருப்பது. இருபது வருஷத்துச் சிநேகிதம் இப்படிப்பட்ட காத்திருப்பில்தான் கசக்க ஆரம்பிக்கிறது. கடல் கடந்து போய், பணமும் செலவழித்து, "இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்று ஒருத்தி மனத்துக்குள் சொல்லிக்கொண்டால், அந்தப் பிரயாணத்தில் மற்ற ஏழு பேருக்கும் கூடச் சுகம் இராது.

ஆகவே முதல் வேலை, எட்டுப் பேரையும் தனித்தனியே கேட்பது. எத்தனை நாள் ஆட ஆசை? ஆடாத நாளில் என்ன பார்க்க ஆசை? எவ்வளவு பணம் செலவழிக்க முடியும்? கூட்டத்தில் கேட்டால் நம் பெண்கள் "உங்கள் இஷ்டம்" என்று சொல்லி விடுவார்கள். அந்தப் பதிலை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிற்பாடு வரும் மனஸ்தாபங்களில் பாதி அந்த இரண்டு வார்த்தைகளில்தான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, இடம். மைதானத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காமல், ஊரைப் பார்த்து மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்கு வெளியே வெகு தூரத்தில், புல்வெளிக்கு நடுவே பெரிய ஹோட்டலில் தங்கினால், ஆடாதவர்கள் ஜன்னல் வழியே புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுவே. உலகமெங்கும் கோல்ப் பிரியர்கள் க்ஷேத்திரமாக நினைக்கும் 'ஓல்டு கோர்ஸ்' மைதானம் அங்கே ஊரின் ஓரத்திலேயே தொடங்குகிறது. கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். 1413-ல் ஏற்பட்ட சர்வகலாசாலை, இடிந்து நிற்கும் பெரிய மாதா கோயில், கடலோரக் கோட்டை, நீண்ட மணற்கரை எல்லாம் கால் நடையில் எட்டும். 1981-ல் வெளியான 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் ஆரம்பத்தில் வாலிபர்கள் கடலோரம் ஓடுவார்களே, அது அந்த மணற்கரைதான்.

பகல் பயணத்துக்கும் குறைவில்லை. ஆன்ஸ்ட்ரதர் என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஸ்காட்லாந்து மீன்பிடித் தொழிலின் காட்சிசாலை இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டண்டீ நகரம் ஒரு காலத்தில் வங்காளத்துச் சணலை நெய்து செழித்த நகரம். அங்கே பழைய சணல் ஆலை ஒன்றையே காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் நிலையம் கிடையாது. சற்றுத் தள்ளி லூக்கர்ஸ் என்ற ஊரில் ஏறினால் எடின்பரோவுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான்.

மூன்றாவது, ஆட்டத்தின் சட்டதிட்டங்கள். ஓல்டு கோர்ஸில் இஷ்டப்பட்ட நேரத்தில் போய் ஆடிவிட முடியாது. பலர் குலுக்கல் மூலமாகத்தான் இடம் பெறுகிறார்கள். ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஆட்டத் திறமையைக் காட்டும் 'ஹாண்டிகாப்' அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். அதனால் முழுத் திட்டத்தையும் அந்த ஒரு மைதானத்தில் தொங்கவிடாதீர்கள். அதே ஊரில் பொது மைதானங்கள் மொத்தம் ஏழு. அவற்றில் ஒன்றின் பெயர் 'நியூ கோர்ஸ்', புது மைதானம். திறந்த வருஷம் 1895! எழுபது வயதுப் பாட்டியை வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்று கூப்பிடுவதில்லையா, அது போலத்தான். 'பால்கோவ்' என்பது ஒன்பதே குழிகள் கொண்டது, ஆரம்பக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து யோசனை சொல்லும் ஆளுக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பயந்து விடாதீர்கள். ரொம்ப மரியாதைப்பட்டவர்கள்.

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. பெரிய பந்தயக் காலங்களில் மட்டும் விலக்கு. அன்றைக்கு ஊர் ஜனங்கள் நாயும் குழந்தையுமாக மைதானத்தில் உலாவுவார்கள். நீங்களும் உலாவலாம். 'ஸ்வில்கன்' என்ற சிறிய கற்பாலத்தில் எட்டுப் பேரும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எனவே தங்கும் நாட்களில் ஒரு ஞாயிறாவது சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோஷ்டியில் நாலு பேர் வரைதான் ஆடலாம். இந்தச் சகோதரியின் கூட்டத்திலோ ஐந்து பேர். புருஷர்கள் நாலு பேரும் ஒரு கோஷ்டியாகப் புறப்பட்டுவிட, ஆடத் தெரிந்த அந்த ஒரு பெண் 'போனால் போகிறது' என்று ஒதுங்குவாள். இது நடக்கும் என்று இப்போதே எழுதித் தருகிறேன். மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து, யார் யாரோடு என்பதை நாளுக்கு நாள் மாற்றி ஊரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த ஆட்டத்தில் பெண்கள் ஒதுங்கி நின்றதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. மஸல்பரோ என்ற ஊரில் மீன்காரப் பெண்களுக்கென்று 1811-ம் வருஷத்திலேயே கோல்ப் போட்டி வைத்து, புதுக் கூடையும் சால்வையும் பரிசு அறிவித்தார்கள். ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற 'ஆர் அண்டு ஏ' சங்கம் பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கச் சம்மதித்தது 2014-ல்தான். கையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிப்பது பெண்களுக்கு அழகல்ல என்று எண்ணிய அந்த நாளில், 1867-ல், அவ்வூர்ப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பந்தை மெள்ள உருட்டிக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்தப் புல்தரைக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஹிமாலயாஸ்'! நம்முடைய இமயமலையேதான். இன்றைக்கும் அங்கத்தினருக்கு ஒதுக்கிய நேரம் போக மற்ற வேளைகளில், சில பவுண்டு கட்டி யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

முதல் நாளே எட்டுப் பேரும் அங்கே போங்கள். அங்கே புஜபலம் செல்லாது. கண்ணும் கையும் நிதானமாக இருந்தால் போதும். தினம் அளவு பார்த்து உப்புப் போடுகிற கைக்கு நிதானம் சொல்லித்தர வேண்டுமா? 'ஆடத் தெரியாது' என்றிருந்த மூன்று பேரில் ஒருத்தி அன்றைக்கு ஜெயித்தாலும் ஜெயிப்பாள். பிடித்துப்போனால் பால்கோவில் ஒரு நாள். தம்பதிகள் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டமும் உண்டு. கணவர் புதரில் போட்ட பந்தை மனைவி மீட்டெடுக்க வேண்டும். நமக்கு இது புது அனுபவமா என்ன?

இதெல்லாம் பெரிய இடத்துப் புருஷர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு ஞாபகம். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021-ல், நாலாவது இடத்துக்கு வந்த பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுவதும் நடந்தவர் அவருடைய தாயார்.

நாலாவது, சமையலறை. எட்டுப் பேருக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது சிக்கனம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குச் சௌகரியமும்கூட. ஆனால் ஜாக்கிரதை! வீடு என்று வந்தால் அடுப்பு வரும். அடுப்பு என்று வந்தால், காலையில் ஐந்து பேரை அனுப்பிவிட்டு மாலையில் ஐந்து பேருக்குச் சமைக்கும் மூன்று பெண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். நாளுக்கு ஒரு தம்பதி சமையல் என்று முறை வையுங்கள். தம்பதி என்றால் இரண்டு பேரும். 18 குழி நடக்கிற கால், அடுப்பங்கரை வரை நடக்காதா?

ஐந்தாவது, பணம். தங்குமிடம், வண்டி, மளிகை மூன்றும் பொதுச் செலவு. அதை எட்டாக வகுங்கள். ஆட்டக் கட்டணம், கேடியின் கூலி, மட்டை வாடகை எல்லாம் ஆடுகிறவர் செலவு. கோடையில் ஓல்டு கோர்ஸில் ஒரு தடவை ஆட 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. அது பொதுக் கணக்கில் நுழைந்தால் ஆடாதவர் வாய் திறக்க மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார்.

பாக்கியெல்லாம் சில்லறை விஷயங்கள். இந்தியப் பிரஜைகளுக்குப் பிரிட்டனுக்குப் போக விசா வேண்டும். புறப்படும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் மனுப் போடலாம். அந்த நாள் வந்ததும் போட்டுவிடுங்கள். மட்டைப் பை கனமானது. விமானக் கம்பெனியின் நிபந்தனையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேரும் ஐந்து பையும் ஒரே வண்டியில் அடங்காது. இரண்டு சிறிய கார்கள் எடுத்தால், ஒன்று மைதானத்துக்குப் போனாலும் மற்றொன்று ஆடாதவர்கள் கையில் இருக்கும். அங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் கடற்காற்றும் மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஸ்வெட்டரும், மழைக்கோட்டும், பட்டுப் புடவைக்குப் பதில் நடக்கத் தோதான ஜோடுகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு பெரிய காகிதத்தில் எட்டுப் பெயர்களையும் வரிசையாக எழுதி, எதிரே பத்து நாளுக்கும் கட்டம் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் 'இது என் நாள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு கட்டமாவது நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது ஒருவர் பெயருக்கு எதிரே பத்தும் காலியாக இருந்தால் திட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முக்கியமாக, அந்தப் பெயர் உங்களுடையதாக இருந்தால்!